பாட்டு சி.டி.களைக் கணினியில் ஏற்றி ஒழுங்குபடுத்துவது எப்படி? சேலம், ஏற்காடு வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டு அலமாரியில் நூறோ இருநூறோ பாட்டு சி.டி.கள் இருக்கின்றன, கெட்டுப்போவதற்குள் அவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலத்திலும் ஏற்காட்டிலுமாகச் சேர்ந்துகிடந்த எங்கள் குடும்பத்து சி.டி.களை ஏற்றி முடிப்பதற்குள் நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. இதைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஆங்கிலக் குறிப்புகளோ நம் படப்பாட்டு சி.டி.களுக்கும் கச்சேரி சி.டி.களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தவில்லை.

“எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே, இந்த வேலை எதற்கு?” என்று வீட்டிலேயே கேட்பார்கள். ஒரு கச்சேரி சி.டி.யைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பாருங்கள். வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார், எந்த ஆண்டுப் பதிவு என்று அச்சிட்டிருப்பார்கள். அதே கச்சேரி இணையத்தில் வரும்போது பெரும்பாலும் பாடகர் பெயர் ஒன்றுதான் மிஞ்சுகிறது. மிருதங்கம் வாசித்தவரின் பெயரைத் தொலைத்துவிட்டுப் பாட்டை மட்டும் காப்பாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் ஒலிக்குக் கொடுக்கும் மரியாதையைத் தாளுக்கும் கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் மூன்று குவியலாகப் பிரியுங்கள்

எல்லா சி.டி.களின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளி நிறத்தில் பளபளத்தால் அது தொழிற்சாலையில் அச்சானது. பச்சை, நீலம் அல்லது வெளிறிய தங்க நிறம் தெரிந்தால் அது பிறகு எழுதப்பட்ட சி.டி. ஒரு காலத்தில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கடையில் கொடுத்து எழுதி வாங்கினோமே, அந்த வகை. கல்யாணத்து நாதஸ்வரம், கோயில் திருவிழாக் கச்சேரி, மகளின் அரங்கேற்றம் போன்றவையும் இதில்தான் இருக்கும்.

எழுதிய சி.டி.களை முதலில் எடுங்கள். அவற்றில் பாட்டு ஒரு சாய அடுக்கில் பதிகிறது. சூடும் வெயிலும் அந்தச் சாயத்தை வெளுக்கவைக்கும். சேலத்துக் கான்கிரீட் வீட்டுப் பரணில் பல கோடையைக் கடந்த சி.டி. ஒன்று இருந்தால் அதை இன்றைக்கே கணினியில் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலை சி.டி. இன்னொன்று எங்காவது கிடைக்கும். அரங்கேற்றத்துப் பதிவுக்கு வேறு பிரதி ஏது?

மூன்றாவது குவியல் எம்.பி.3 சி.டி.கள். ‘150 பாடல்கள்’ என்று அட்டையில் போட்டிருப்பவை. இவற்றில் இருப்பது ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்புகள். அப்படியே நகலெடுத்தால் வேலை முடிந்தது. இவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றினால் இடம் அடைபடுமே தவிரத் தரம் ஒரு துளியும் கூடாது.

இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரணப் பாட்டு சி.டி.யை விண்டோஸ் கணினியில் திறந்தால் ‘டிராக் 01’ என்ற மாதிரி வரிசையாகக் கோப்புகள் தெரியும். அவற்றின் பெயர் ‘சி.டி.ஏ.’ என்று முடியும். அதை இழுத்துப் பென் டிரைவில் போட்டுவிட்டு, எல்லாம் ஏறிவிட்டது என்று சி.டி.யைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அந்தக் கோப்பின் அளவு வெறும் 44 பைட். பாட்டு சி.டி.யில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும், பாட்டு இருக்காது.

2. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்?

புதிய மடிக்கணினிகளில் சி.டி. டிரைவ் வருவதில்லை. யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளிப்புற டி.வி.டி. ரைட்டர் ரூ.1,500 முதல் ரூ.2,500 வரை ஆகும். சேலத்தில் ஐந்து ரோடு பக்கத்துக் கணினிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மேசைக் கணினி இருப்பவர்களுக்கு, பழைய கணினிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் உட்புற டிரைவ் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். முடிந்தால் வெவ்வேறு நிறுவனத்தின் டிரைவ்கள் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று படிக்கத் திணறும் சி.டி.யை இன்னொன்று சிரமமில்லாமல் படித்துவிடுவதுண்டு.

வெளிப்புற டிரைவைக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் நேரடியாகச் செருகுங்கள். நடுவில் ஹப் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி) வைத்தால் மின்சாரம் போதாமல் பாதியில் நிற்கக்கூடும்.

அடுத்தது ஹார்டு டிஸ்க். ஒரு டெராபைட் அளவில் இரண்டு வேண்டும். நான் விசாரித்தபோது ஒன்று ரூ.5,000-ஐச் சுற்றி இருந்தது. மைக்ரோஃபைபர் துணி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், உடைந்த பெட்டிகளுக்கு மாற்று உறைகள் எல்லாம் சேர்த்து ரூ.500. விண்டோஸுக்கான மென்பொருள் அனைத்தும் இலவசம். ஆக மொத்தம் ரூ.12,000 முதல் ரூ.13,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். இதில் பெரும்பகுதி ஹார்டு டிஸ்குக்குத்தான். அதில் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால் செலவு வெகுவாகக் குறையும்.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கு எளிது. சி.டி.யில் உள்ள பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்.பி. ஃபிளாக் என்ற வடிவத்தில் சேமித்தால், ஒலியில் எதுவும் இழக்காமல் அது சுமார் பாதியாகக் குறையும். அரை மணி நேரப் படப்பாட்டு சி.டி. 150 முதல் 200 எம்.பி., முழுநீளக் கச்சேரி சி.டி. 350 எம்.பி. அளவில் வரும். 200 சி.டி.கள் இருந்தாலும் 60 ஜி.பி.க்குள் அடங்கிவிடும்.

ஃபிளாக் எதற்கு, எம்.பி.3 போதாதா என்று கேட்பீர்கள். ஃபிளாக்கிலிருந்து எம்.பி.3 எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எம்.பி.3-இலிருந்து மூல ஒலிக்குத் திரும்ப வழியில்லை. இவ்வளவு பாடுபட்டு ஒரே ஒரு முறை செய்யப்போகும் வேலை இது, மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

3. கடையில் கொடுத்து முடித்துக்கொள்ளலாமா?

கொடுக்கலாம், ஆனால் நிபந்தனைகளை எழுதிக் கொடுங்கள். நான் முதலில் ஒரு பெட்டி சி.டி.களைக் கடையில்தான் கொடுத்தேன். திரும்பி வந்த பென் டிரைவில் எல்லாப் பாட்டும் தரம் குறைந்த 128 கிலோபிட் எம்.பி.3 ஆக இருந்தது. பெயர்கள் ‘டிராக் 1’, ‘டிராக் 2’ என்றே இருந்தன. எந்தக் கச்சேரி எந்தக் கோப்புறையில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சில பெட்டிகளுக்குள் தாள் மாறிப்போயிருந்தது.

கொடுப்பதென்றால் நான்கு விஷயங்களைத் தாளில் எழுதி ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள்: ஃபிளாக் வடிவம், சி.டி.க்கு ஒரு தனிக் கோப்புறை, ஒவ்வொன்றுக்கும் ரிப் அறிக்கை (ரிப் என்பது சி.டி.யிலிருந்து பாட்டைக் கணினிக்கு எடுப்பது; அது சரியாக வந்ததா என்று மென்பொருள் எழுதித் தரும் குறிப்புதான் அறிக்கை), தாள்கள் அந்தந்தப் பெட்டியிலேயே திரும்ப வரவேண்டும். ஒப்புக்கொண்டாலும் முதலில் ஐந்து சி.டி.களை மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். குடும்பப் பதிவுகள் இருக்கும் எழுதிய சி.டி.களை வெளியே அனுப்ப வேண்டாம்.

4. துடைப்பதற்கு முன் பாருங்கள்

சி.டி.யை விளிம்பில் பிடித்து, படம் அச்சிட்ட பக்கம் உங்களைப் பார்க்குமாறு டியூப் லைட்டுக்கு நேரே தூக்குங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளிப் புள்ளிகள் தெரிந்தால், அங்கே உலோகப் பூச்சு போய்விட்டது என்று பொருள். அந்த இடத்துப் பாட்டைத் துடைத்து மீட்க முடியாது. உடனே ரிப் செய்து, கிடைப்பதைக் காப்பாற்றுங்கள்.

அடிப்பக்கக் கீறலுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆபத்து மேல்பக்கம். அடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேலே உலோகப் பூச்சுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. ஆகவே மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்கவும் வேண்டாம். பூச்சும் கூடவே வந்துவிடும்.

ஏற்காட்டு வீடுகளில் பூஞ்சை பெரிய தொல்லை. மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த அலமாரியில் சி.டி. மேல் வெண்ணிற நூல்போல் படர்ந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் பாட்டு ஓடும் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழுவதால் டிரைவால் அதைச் சரிக்கட்ட முடியாது. பிறகு சுத்த நீரில் அலசி, நிழலில் நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் அகற்றும் திரவம் ஆகியவற்றைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது, பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

தாள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தானாக இளகும்.

மலையிலிருந்து இறங்கிவரும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மார்கழி, தை மாதக் காலையில் ஏற்காட்டுக் குளிரில் இருந்த பெட்டியை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால், சி.டி. மேலும் டிரைவின் கண்ணாடி மேலும் ஈரம் படியும். ஒரு மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டுத் திறங்கள். ஏற்காட்டிலேயே இந்த வேலையைச் செய்வதானால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

5. பெயர் வைக்கும் விதியை முதலில் எழுதுங்கள்

ரிப் செய்யத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நூறு சி.டி. ஏறிய பிறகு விதியை மாற்றுவது முழு வேலையையும் மறுபடி செய்வதற்குச் சமம்.

நான் வைத்திருக்கும் அமைப்பைச் சொல்கிறேன். மேல்மட்டத்தில் திரையிசை, கர்நாடகம், பக்தி, நாட்டுப்புறம், குடும்பம் என ஐந்து கோப்புறைகள். திரையிசைக்குள் இசையமைப்பாளர், அதற்குள் ‘ஆண்டு – படம்’. கர்நாடகத்துக்குள் முதன்மைக் கலைஞர், அதற்குள் ‘ஆண்டு – தலைப்பு’. பாட்டுக் கோப்பின் பெயரில் வரிசை எண்ணும் பாட்டின் முதல் இரண்டு மூன்று சொற்களும் மட்டும்.

பெயரைச் சிறிதாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லினக்ஸ் கணினிகளிலும் லினக்ஸ் அடிப்படையிலான சேமிப்புப் பெட்டிகளிலும் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘க’ மூன்று பைட், ‘கு’ ஆறு பைட். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர் என்று எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதினால், விண்டோஸில் சரியாக இருந்தது அங்கே நகலெடுக்க மறுக்கும். விவரம் அனைத்தும் கோப்புக்குள் எழுதும் டேக்கில் இருக்கட்டும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, மேற்கோள்குறி ஆகியவற்றையும் கோப்பின் பெயரில் விண்டோஸ் ஏற்காது.

பிறகு ஆட்களின் பெயர்கள். ‘ஏ.ஆர்.ரஹ்மான்’, ‘ஏ. ஆர். ரகுமான்’, ‘ஏ.ஆர். ரஹ்மான்’ என்று மூன்று விதமாக எழுதினால் கணினி மூன்று இசையமைப்பாளர்களாகக் காட்டும். புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா இல்லையா என்பதைக்கூட முடிவு செய்யுங்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து இசையமைத்தவை ஒரு பெயரிலும், எம்.எஸ்.விஸ்வநாதன் தனியாகச் செய்தவை வேறு பெயரிலும் போக வேண்டும். இரண்டையும் கலந்தால் ராமமூர்த்தியின் பங்கு கணக்கில் இல்லாமல் போய்விடும்.

கச்சேரிப் பிரியர்களுக்கு ஒரு நுட்பமான சிக்கல். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக உள்ளிட முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு. ஸ்ரீ ராகக் கீர்த்தனைகளைத் தேடினால் பாதி வரும், பாதி வராது. கணினியில் ஒரு விசைப்பலகையும் கைபேசியில் வேறொன்றுமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு இது நேரும். ஒரே விசைப்பலகையைக் கடைசிவரை பயன்படுத்துங்கள், அல்லது முக்கியமான பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வைத்து அங்கிருந்தே ஒட்டுங்கள்.

6. ரிப் செய்வது

விண்டோஸுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்குக்கு எக்ஸ்.எல்.டி., லினக்ஸுக்கு விப்பர். மூன்றும் இலவசம். விண்டோஸோடு வரும் பிளேயரும் ரிப் செய்யும். ஆனால் படித்தது சரியாக இருக்கிறதா என்று அது சோதித்துச் சொல்லாது. கீறல் விழுந்த இடத்தில் ‘டப்’ என்ற சத்தத்தோடு பாட்டு பதிவாகிவிடும், சில ஆண்டு கழித்து ஹெட்போனில் கேட்கும்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் தொடக்கத்தில் ஒரு முறை இவற்றைச் சரிசெய்தால் போதும்:

முதலாவது, படிக்கும் முறையை ‘செக்யூர்’ என்று வையுங்கள். சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும் முறை இது.

இரண்டாவது, டிரைவின் ஆஃப்செட். ஒவ்வொரு டிரைவ் மாடலும் பாட்டின் தொடக்கத்தை ஒரு நூலிழை முன்னே பின்னே படிக்கும். பிரபலமான சி.டி. ஒன்றைப் போட்டால் மென்பொருளே அளவைக் கண்டுபிடித்துக் கேட்கும், சரி என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சுருக்க அளவு 0 முதல் 8 வரை இருக்கும். எதை வைத்தாலும் ஒலி ஒன்றுதான், கோப்பின் அளவும் எடுக்கும் நேரமும் மட்டுமே மாறும். 5 போதும்.

நான்காவது, ரிப் அறிக்கையைத் தானாகச் சேமிக்கச் சொல்லுங்கள்.

இனி ஒவ்வொரு சி.டி.க்கும் ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ என்ற கட்டளையையே கொடுங்கள். அது ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை படித்து, இரண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போடும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பாட்டு பிழையின்றி வந்தது என்று நம்பலாம்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆங்கில வழிகாட்டிகள் அனைத்தும் அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளத்தை நம்பச் சொல்லும். உலகெங்கும் அதே சி.டி.யை ரிப் செய்தவர்களின் எண்ணோடு உங்கள் எண்ணை அது ஒப்பிடும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் நம் தமிழ் சி.டி.கள் பல அதில் பதிவாகியே இருக்காது. ‘தரவுத்தளத்தில் இல்லை’ என்று வந்தால் பதறாதீர்கள், உங்கள் சி.டி.யில் குறை என்று அதற்குப் பொருள் இல்லை. அப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த இரட்டைப் படிப்புதான்.

நல்ல நிலையில் உள்ள சி.டி. இப்படி ஏறப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். கெட்ட சி.டி. ஒரே பாட்டில் மணிக்கணக்கில் முனகிக்கொண்டிருக்கும். அப்படி விட்டுவிடாதீர்கள், டிரைவ் சூடேறி அதுவே பழுதாகும். நிறுத்தி, மறுபடி துடைத்து, வேகத்தைக் குறைத்துப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இரண்டாவது டிரைவ்.

சி.டி. நடுவிலிருந்து வெளி விளிம்பை நோக்கிப் படிக்கப்படுகிறது. ஆகவே கடைசிப் பாட்டுகள் விளிம்பில் இருக்கும். நிறையப் பாட்டு உள்ள சி.டி.யில் கடைசி ஒன்றிரண்டு மட்டும் திக்கினால், விரல் பட்ட அழுக்குதான் காரணமாக இருக்கும், விளிம்பை மட்டும் நன்றாகத் துடைத்தாலே போதும். எதற்கும் வழிக்கு வராத பாட்டைக் குறித்துவைத்துவிட்டு மேலே செல்லுங்கள். அதே சி.டி. உறவினர் வீட்டில் இருக்கக்கூடும்.

ஒரே சி.டி.யில் இரண்டு மூன்று படங்கள் இருக்குமே, அதை முதலில் ஒரே கோப்புறையாக ரிப் செய்து முடியுங்கள். பிறகு படவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதே ரிப் அறிக்கையின் நகலை வையுங்கள். மூல சி.டி.யின் பெயரைக் குறிப்பு டேக்கில் எழுதுங்கள்.

மின்தடையை மறக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை நாளிதழில் பார்த்து அன்று இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. ஏற்காட்டில் இடி மின்னல் தொடங்கினால் உடனே நிறுத்தி, ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிடுங்கள்.

7. தாள்களை எடுப்பது

சி.டி. ரிப் ஆகும் நேரத்திலேயே அதன் தாளையும் படமெடுத்துவிடலாம். பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டால் நடக்கவே நடக்காது. ஸ்கேனர் இருந்தால் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) படிப்பதற்குப் போதும், அட்டைப்படம் அழகாக வேண்டுமென்றால் 600. ஸ்கேனர் இல்லாவிட்டால் கைபேசியே போதுமானது. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுங்கள். வழவழப்பான தாளில் வெளிச்சம் பிரதிபலித்தால் தாளை லேசாகத் திருப்பினால் சரியாகும்.

முன் அட்டை, உள்பக்கங்கள் அனைத்தும், பின் அட்டை, சி.டி.யின் மேல்பக்கம் ஆகிய நான்கும் வேண்டும். பெட்டியின் முதுகில் இருக்கும் அட்டவணை எண்ணையும் (வெளியிட்ட நிறுவனம் அந்த சி.டி.க்குக் கொடுத்த எண்) எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தலைப்பில் வெவ்வேறு காலத்தில் வெளிவந்த சி.டி.களைப் பிரித்தறிய அது உதவும். குடும்பப் பதிவுகளுக்குத் தாளே இருக்காது. அன்று வாசித்தவர்கள் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

8. டேக் எழுதுவது

மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்ற மென்பொருள் இணையத்திலிருந்து விவரங்களைக் கொண்டுவரும். எம்.பி.3டேக் கையால் எழுத வசதியானது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ஃபிளாக் கோப்பிலும் அது வேலை செய்யும். தமிழ் சி.டி.களுக்குப் பெரும்பாலும் கையால்தான் எழுத வேண்டியிருக்கும். இணையத்திலிருந்து தானாக வரும் விவரத்தைத் தாளோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள். பாட்டின் வரிசை மாறியிருப்பதும் பாடகர் பெயர் தவறாக இருப்பதும் சர்வசாதாரணம்.

திரையிசைக்கு ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் இசையமைப்பாளரைப் போடுங்கள், ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் அந்தந்தப் பாட்டின் பாடகர்களை. ஆல்பம் ஆர்ட்டிஸ்டைக் காலியாக விட்டால் ஒரே படத்தின் ஆறு பாட்டும் ஆறு ஆல்பமாகச் சிதறும். பாடலாசிரியருக்குத் தனி இடம் உண்டு, தாளில் பெயர் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். ஆண்டு என்பது படம் வந்த ஆண்டு. சி.டி. வெளியான ஆண்டைக் குறிப்பில் எழுதலாம்.

கச்சேரிக்கு ‘கம்போசர்’ என்பது தியாகராஜர், தீட்சிதர் போன்ற இயற்றியவர். ராகம், தாளம் இரண்டுக்கும் புதிய டேக் நீங்களே உருவாக்கிக்கொள்ள எம்.பி.3டேக்கில் வழியுண்டு. கல்யாணி எத்தனை இருக்கிறது என்று தேடி வரிசையாகக் கேட்கும் சுகம் அதற்குப் பிறகுதான் கிடைக்கும். ‘பெர்ஃபார்மர்’ இடத்தில் பக்கவாத்தியக் கலைஞர்களை ஒவ்வொருவராக, வாத்தியத்தின் பெயரோடு எழுதுங்கள். ஒரு முழு சி.டி.க்கும் சேர்த்து ஒரே முறையில் எழுத முடியும், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கூடவே ஒரு விரிதாளும் (எக்செல் போன்றது) தொடங்குங்கள்: வரிசை எண், தலைப்பு, வெளியிட்ட நிறுவனம், அட்டவணை எண், ரிப் நிலை, தாள் எடுத்தாயிற்றா, சி.டி. எந்தப் பெட்டியில் இருக்கிறது. சி.டி. உறையிலும் அதே வரிசை எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள்.

ரிப், தாள், டேக் மூன்றும் சேர்ந்து சி.டி.க்கு இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மூன்று சி.டி.கள். 200 சி.டி.களுக்கு மூன்று மாதம் ஆகும். விடுமுறையில் இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று தொடங்குபவர்கள் தாளையும் டேக்கையும் விட்டுவிடுவார்கள்.

9. இரண்டு ஊரில் இரண்டு நகல்

ஒரே ஹார்டு டிஸ்கில் வைத்திருப்பதை நகல் என்று சொல்லக் கூடாது. ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில். ஏற்காட்டில் இருப்பவர்கள் சேலத்து உறவினரிடமும், சேலத்தில் இருப்பவர்கள் ஆத்தூரிலோ ஓமலூரிலோ உள்ள சொந்தக்காரரிடமும் கொடுத்து வையுங்கள். பென் டிரைவை நிரந்தர நகலாக நம்ப வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் இணைத்து, ஃபிளாக் கோப்புகளைச் சோதியுங்கள். ஒவ்வொரு ஃபிளாக் கோப்புக்குள்ளும் ஒலிக்கான ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. ஃபூபார்2000 போன்ற பிளேயரில் எல்லாவற்றையும் மொத்தமாகச் சோதிக்கலாம்.

இணையச் சேமிப்பில் ஏற்ற நினைப்பவர்கள் நேரத்தைக் கணக்கிடுங்கள். பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்றால் 60 ஜி.பி. ஏற ஒரு நாளுக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும். ஏற்காட்டில் குடும்பப் பதிவுகளை மட்டும் முதலில் ஏற்றினால் போதும்.

10. காருக்கும் கைபேசிக்கும்

ஆண்ட்ராய்டு கைபேசி ஃபிளாக்கை நேரடியாகப் பாடும். கார் ஸ்டீரியோக்கள் பல எம்.பி.3 மட்டுமே பாடும், பென் டிரைவும் ஃபேட்32 வடிவில் (பென் டிரைவை ஃபார்மேட் செய்யும்போது தேர்ந்தெடுப்பது) இருக்க வேண்டும். காருக்கென 320 கிலோபிட்டில் தனி எம்.பி.3 நகல் எடுங்கள், மூலத்தில் கைவைக்காதீர்கள். கார்த் திரையில் தமிழுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், அந்த நகலுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் டேக் மாற்றிக்கொள்ளலாம்.

11. சி.டி.களை என்ன செய்வது?

வைத்திருங்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு இடம் தருகிறது. வாங்கிய சி.டி. கையில் இருக்கும்வரை நீங்கள் எடுத்த நகலுக்கு அதுவே ஆதாரம். பாட்டைப் பிறருக்கு விற்பதும் பொதுவில் ஏற்றுவதும் அந்த இடத்துக்குள் வராது. ஒலிப்பதிவுக்கான உரிமை 60 ஆண்டு நீடிக்கும். சி.டி.யை விற்றுவிட்டால் அதன் நகலையும் அழித்துவிடுவதுதான் நேர்மை.

சேலத்தில் பரணும் மேற்குச் சுவர் அலமாரியும் சி.டி.க்கு ஆகாது. கட்டிலடி, உள்ளறை அலமாரி போன்ற குளுமையான இடம் பாருங்கள். ஏற்காட்டில் தரையை ஒட்டி வைக்காமல், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று பார்த்தே தெரியும். சி.டி.களைப் படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். உடைந்த பெட்டிக்கு மாற்றாக உறை வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. உறை வெயில் காலத்தில் சி.டி.யோடு ஒட்டிக்கொள்ளும்.